பழைய புல்தாக்கோவும் சித்தப்பாவின் காபரேற்றரும்

போன மாசி மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஓடாத மோட்டார் சைக்கிள். விலை 1800 பவுண்ஸ். றெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறவனுக்கு இது எத்தனை கிழமைச் சம்பளம் என்று நீங்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, மனைவி ஏற்கெனவே பார்த்துச் சொல்லிவிட்டார். "என்னப்பா, ஓடுற காருக்கு ரயர் மாத்தக் காசில்லை எண்டியள். இப்ப ஓடாத சைக்கிளுக்குக் காசு எங்கால வந்தது?" நியாயமான கேள்வி. அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு ஒரு வகையில் அந்தப் பதில்தான்.

வாங்கியது 1973 ஆம் ஆண்டு புல்தாக்கோ ஷேர்ப்பா ரி. ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்பு. ட்ரயல்ஸ் என்ற போட்டிக்கென்றே செய்யப்பட்டது. எங்கட ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் வேகம்தான் ஞாபகம் வரும். ட்ரயல்ஸில் வேகத்துக்கு வேலை இல்லை. பாறை, ஆறு, சேறு, வேர் என்று ஒரு துண்டு நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்து விடுவார்கள். அதற்குள்ளால் காலை நிலத்தில் ஊன்றாமல் போய் வர வேண்டும். ஒருக்கால் ஊன்றினால் ஒரு புள்ளி, நின்றுபோனாலோ விழுந்தாலோ ஐந்து புள்ளி. முடிவில் குறைந்த புள்ளி எடுத்தவர் வென்றவர்.

நான் இருக்கிற யோக்ஷயர் மாகாணம் இந்த விளையாட்டின் தொட்டில்களில் ஒன்று. இங்கே நடக்கும் ஸ்கொட் ட்ரயல் 1914 இல் தொடங்கியது. எங்கள் குசினியில் கோப்பை கழுவிய ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஒருநாள் தன் தாத்தா ஓடுகிற போட்டி ஒன்றைப் பார்க்கக் கூட்டிப்போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. எழுபது தாண்டிய ஒரு மனிசன் ஓடைக்குள் இறங்கி, நடை வேகத்தைவிட மெதுவாக, சைக்கிளின் மேல் எழும்பி நின்றபடி, வழுக்குப் பாறைகளின் மேலால் ஏறிப் போனார். எஞ்சின் சத்தம் "டொக்... டொக்... டொக்" என்று எண்ணக்கூடிய மாதிரிக் கேட்டது. அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. நாலு வருடம் கழித்து, முழங்கால் ஏலாது என்று அவர் தன்னிடமிருந்த இன்னொன்றை விற்கப்போனபோது, பெடியன் எனக்குச் சொன்னான்.

இனி வரலாறு.

ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டு யுத்தம். வென்ற பிராங்கோ, 1975 இல் சாகும்வரை நாட்டை ஆண்டார். யுத்தம் முடிந்த கையோடு அவருடைய ஆட்சி வெளிநாட்டுப் பொருளை இயன்றளவு உள்ளே விடாமல், எல்லாவற்றையும் நாட்டுக்குள்ளேயே செய்வோம் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சமாவது கதவு திறந்தது 1959 இன் பொருளாதாரத் திட்டத்தோடுதான். அந்த மூடிய சந்தையில் பார்சலோனாப் பக்கம் பல மோட்டார் சைக்கிள் கொம்பனிகள் முளைத்தன. சினிமாப் படம் காட்டும் புரொஜெக்டர் செய்துகொண்டிருந்த ஒஸ்ஸா கொம்பனிகூட மோட்டார் சைக்கிள் செய்ய இறங்கியது.

பிரான்செஸ்க் சவியேர் பூல்ரோ என்பவர் மொந்தெஸா கொம்பனியை நிறுவிய இருவரில் ஒருவர். ஓட்டப் போட்டிகள் வீண் செலவு, நிறுத்துவோம் என்று கொம்பனி முடிவெடுக்க, அவர் 1958 இல் வெளியேறினார். போட்டிப் பிரிவில் வேலைசெய்த ஆட்கள் பலர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். பூல்ரோ என்ற குடும்பப் பெயரும், பாக்கோ என்ற அவருடைய கூப்பிடு பெயரும் சேர்ந்து புல்தாக்கோ ஆனது. பெருவிரலை உயர்த்திக் காட்டும் சின்னத்தைத் தாங்கியில் ஒட்டி, அடுத்த வருடமே முதல் வண்டியை விற்பனைக்கு விட்டார்கள்.

அந்தக் காலத்தில் ட்ரயல்ஸ் என்பது ஆங்கிலேயர்களின் சொத்து. பெரிய நாலு ஸ்ரோக் எஞ்சின், பாரமான இரும்புச் சட்டம். அதன் அரசன் பெல்பாஸ்ரில் பிறந்த சமி மில்லர். 1959 முதல் 1969 வரை தொடர்ந்து 11 வருடம் பிரித்தானியச் சம்பியன். அவருடைய 500 சிசி ஏரியல் வண்டியை அவர் துண்டு துண்டாக இளைக்கவைத்து 110 கிலோவுக்குக் கிட்டக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அதைச் செய்த கொம்பனிக்கு அந்த ரகத்தில் அக்கறை போய்விட்டிருந்தது.

1964 இல் பூல்ரோ மில்லரை ஸ்பெயினுக்கு அழைத்தார். மில்லர் போய்ப் பட்டறைக்காரருடன் இருந்து, சட்டத்தை வெட்டி ஒட்டி, கொண்டுபோய் ஓடிப் பார்த்து, திரும்ப வந்து வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நாளில் ஒரு வண்டியை உருவாக்கினார் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கதை. 244 சிசி, இரண்டு ஸ்ரோக், எடை சுமார் 90 கிலோ. அதுதான் ஷேர்ப்பா ரி. 1965 இல் ஸ்கொட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் பெரிய ட்ரயலில் மில்லர் அதில் ஓடி வென்றார். இரண்டு ஸ்ரோக் வண்டியோ வெளிநாட்டு வண்டியோ அதை வென்றது அதுதான் முதல்தடவை. ஆங்கிலேயரின் பார நாலு ஸ்ரோக்குகளின் காலம் அத்தோடு சரியத் தொடங்கியது. 1968 இல் மொந்தெஸா தன் கோட்டா வண்டியைக் கொண்டுவந்தது. மிக் அன்ட்ரூஸ் 1971 இலும் 1972 இலும் ஒஸ்ஸாவில் ஐரோப்பியச் சம்பியன் ஆனார். 1975 இல் உலகச் சம்பியன் பட்டம் தொடங்கியபோது முதல் ஐந்து வருடமும் புல்தாக்கோவுக்குத்தான்: 1975 இல் எங்கள் யோக்ஷயர்காரர் மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று வருடம் பின்லாந்துக்காரர் வெஸ்ரரினன், 1979 இல் அமெரிக்கர் பேர்னி ஷ்றைபர்.

அதே 1979 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பிராங்கோவுக்குப் பின் வந்த வேலைநிறுத்தங்கள், கடன், யப்பான் வண்டிகளின் போட்டி எல்லாம் சேர்ந்து அமுக்கின. 1980 இல் திறந்து திரும்ப ஓடிப் பார்த்து, 1983 இல் முற்றாக நின்றது. ஒஸ்ஸாவும் அந்தக் காலத்திலேயே போனது. மொந்தெஸா ஹொண்டாவின் கைக்குப் போனதால் பெயராவது மிஞ்சியது.

இங்கேதான் எனக்கு எங்கட ஊர் ஞாபகம் வந்தது.

1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. எம்.டி. 90 களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வெள்ளைப் புகை, பிளக்கில் கரி. என் சித்தப்பா ஒரு சின்னக் கராச் வைத்திருந்தார். பழைய மட்டையில் காஸ்கற் வெட்டுவார், கழித்த ரியூப்பில் வாஷர் வெட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பிளக்கில் கரி சுரண்டுவது என் வேலை. அவருடைய சொந்த வண்டி ஒரு பழைய பி.எஸ்.ஏ. பன்ரம்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது பன்ரத்துக்கு விடப் பெற்றோல் இல்லை. அந்தச் சனத்துக்குள் அதை உருட்டிக்கொண்டு போகவும் ஏலாது. சித்தப்பா காபரேற்றரை மட்டும் கழற்றிச் சாரத்தில் சுற்றிப் பையில் வைத்தார். "இது இல்லாமல் ஆரும் கொண்டுபோகேலாது" என்றார். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றபோதும் அந்தப் பை அவருடைய நெஞ்சோடு இருந்தது. அடுத்த வருடம் திரும்பிப் போனோம். வண்டி இல்லை. காபரேற்றர் மட்டும் இருந்தது.

புல்தாக்கோவை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் திங்கட்கிழமை (எனக்கு அன்றைக்குத்தான் லீவு) காபரேற்றரைக் கழற்றித் துடைத்தேன். கரிக்குள்ளிருந்து "அமால்" என்ற எழுத்து வெளியே வந்தது. சித்தப்பாவின் பையில் இருந்ததும் அமால்தான். அமால் ஆங்கிலக் கொம்பனி; அவர்களிடம் உரிமம் வாங்கி ஸ்பெயினுக்குள்ளேயே வார்த்தது இது. கொஞ்சநேரம் ஷெட்டுக்குள் சும்மா இருந்தேன்.

புலம்பெயர்ந்த எங்களுக்குள் ஒரு கதை இருக்கிறது. "தடைக் காலத்தில்தான் நாங்கள் சொந்தக் காலில் நிண்டம்" என்று. கலியாண வீடுகளில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு கட்டாயம் வரும். நானும் சொல்லியிருக்கிறேன். யாழ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த காலத்தில் அதை ஒரு கட்டுரையாகவே எழுதினேன். (2006 இல் ஏ9 பாதை பூட்டப்பட்டதோடு படிப்பும் போனது, கட்டுரையும் போனது.) இந்தச் சைக்கிளின் வரலாற்றை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

புல்தாக்கோவை உருவாக்கியது பூட்டிய கதவு அல்ல. பூட்டிய கதவு கொம்பனிக்கு ஒரு நிழல் கொடுத்தது, உண்மை. ஆனால் ஷேர்ப்பா பிறந்தது பெல்பாஸ்ரிலிருந்து ஒரு மனிசன் உள்ளே வந்ததால். அது வளர்ந்தது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே போனதால். சித்தப்பா கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுக்க, பெற்றோலில் ஓட வேண்டியதை மண்ணெண்ணெயில் ஓடவைப்பதற்கே செலவானது. ஒரு புது வண்டி செய்யவல்ல. தடையை எதிர்த்து நின்ற மனிசரைப் புகழலாம். தடையைப் புகழக்கூடாது. இரண்டையும் நாங்கள் போட்டுக் குழப்புகிறோம்.

சரி, வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். புல்தாக்கோவில் எஞ்சின் இலக்கத்துக்கு முன்னால் எம், சட்டத்து இலக்கத்துக்கு முன்னால் பி என்று இருக்கும். எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்தவை. என்னுடையதில் அப்படி இல்லை. தாத்தா அதை ஒளிக்காமல் முதலே சொன்னார், அதனால்தான் விலையும் இறங்கியது. கண்ணாடிநார்த் தாங்கி என்றால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். இப்போதைய பெற்றோலில் கலக்கும் எதனோல் அதன் பசையைக் கரைத்துவிடும். என் தாங்கி ஓர் இடத்தில் பழுத்த பழம்போல அமுங்குகிறது. கிராங்கின் இரு பக்க எண்ணெய் சீல்கள் காய்ந்திருந்தால் காற்று உள்ளே போய் எஞ்சின் தாறுமாறாக ஓடும், மாற்றியே ஆக வேண்டும். கியர் மிதி வலப்பக்கம், பன்ரத்தில் இருந்தது மாதிரி. யப்பான் வண்டியில் பழகியவர்கள் பிறேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். கவனம்.

போன கிழமை சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். இப்போது எழுபத்தாறு வயது, ஒரு கண் தெரியாது. போனை எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். சிலிண்டர் செட்டையில் ஒன்று உடைந்து, யாரோ ஒட்டியிருந்தார்கள். புதுச் சிலிண்டர் எடுத்துப் போடப்போகிறேன் என்றேன்.

"ஏன்ரா தம்பி? சூடு போகுதோ?"

"போகும் சித்தப்பா. வடிவில்லை, அவ்வளவுதான்."

"அப்ப விடு. ஆரோ ஒருத்தன் இருந்து பாத்து ஒட்டியிருக்கிறான்."

விட்டுவிட்டேன். தாங்கிக்கு உள்ளே எதனோல் தாங்கும் பூச்சுப் பூசக் குடுத்திருக்கிறேன். சீல் வந்துவிட்டது. காபரேற்றரின் சிலைட் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். சித்தப்பாவிடம் கேட்டேன், அந்தப் பழைய அமால் இன்னும் இருக்கிறதா என்று. அலுமாரிக்குள் இருக்கிறதாம். அளவு சரிவராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அனுப்பிவிடட்டோ என்று கேட்டார்.

எஞ்சின் இன்னும் உதைக்கவில்லை. உதைத்தால் எழுதுகிறேன்.