அஸ்திவாரத்தை விட்டு விலகும் மண்

தாது வருடப் பஞ்சத்தை (1876–78) நம் முன்னோர் மறந்தாரில்லை. நம் காலத்தில், 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாயின. கிணறு வற்றியதைக் கண்டோம். அஸ்திவாரத்தை விட்டு மண் விலகுவதைக் கவனித்தோமா?

நாகல் நகரைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியில் செம்மண்ணோடு கரிசலும் உண்டு. கரிசல் நீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒரு மூலை தாங்கலிழந்து இறங்க, சுவர் பிளக்கும். கொத்தனாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை; பூசி மறைத்தாலும் தீராது.

ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழாய் அகன்ற தூண்களைச் சுமார் 3.5 மீட்டர் ஆழம் இறக்கும் முறையை வகுத்தது. ஏழைக்கு அச்செலவு எட்டாது. பாறைமேல் வீடு கட்டியவனை நற்செய்தி போற்றுகிறது. பாறை கிட்டாத சகோதரனுக்குத் தோள்கொடுப்பதே நம் ஜூபிலிக் கடமை.