மொகுசோ: தியானமா, ஜெபமா?

ஜூடோ, கராத்தே வகுப்புகளின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆசிரியர் "மொகுசோ" என்பார். மாணவர் முழந்தாளிட்டமர்ந்து கண்மூடி மௌனிப்பர். இது பௌத்த வழிபாடன்றோ என்பது கிறிஸ்தவப் பெற்றோர் பலரின் ஐயம். அதனை நகைத்து ஒதுக்குதல் நேர்மையன்று. கானோ ஜிகோரோ 1882இல் தமது ஜூடோப் பள்ளியான கொடோகானை ஆரம்பித்ததே தோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில்தான். எனினும் கல்வியாளரான அவர் ஜூடோவைக் கல்வியாகவே வளர்த்தார். அய்கிடோவின் கதை வேறு. அதனை வகுத்த உவேஷிபா ஓமோத்தோ என்ற சமயத்தில் ஆழ்ந்தவர். ஆகவே எல்லாக் கலைகளையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

சொல்லையே பாருங்கள். மொகுசோ என்பது மௌனச் சிந்தனை. சென் பௌத்தர் தம் தியானத்தை 'ஸாஸென்' என்பர். ஜப்பானியக் கத்தோலிக்கரோ தமது ஞான ஒடுக்கத்தை 'மொகுசோகாய்' என்றே அழைக்கின்றனர்! பயிற்சிக்கூடத்தில் அச்சமூட்டும் அதே சொல், ஆலயத்தில் எவரையும் அச்சுறுத்துவதில்லை.

இன்னும் ஆழச் சென்றவர் ஜேர்மனிய இயேசு சபைக் குருவான ஹூகோ லசால். 1929இல் ஜப்பான் சென்று, 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டில் காயமுற்றுத் தப்பிய அவர், சென் ஆசான்களிடம் அமர்ந்து பயின்றார்.

கர்தினால் ராட்சிங்கர் ஒப்பமிட்ட 1989ஆம் ஆண்டு வத்திக்கான் மடல், கீழைத்தேய முறைகள் கிறிஸ்தவமல்லாதவை என்பதற்காகவே தள்ளப்படலாகாது என்றது. கூடவே, உடற்பயிற்சி தரும் அமைதியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதலென மயங்கவேண்டாமென்றும் எச்சரித்தது. என் கருத்தில், பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இந்த இரண்டாவதையே.

லசால் மறைந்தது அதற்கடுத்த ஆண்டில். இறுதிவரை அவர் இயேசு சபைக் குருவாகவே இருந்தார்.