தகர டிக்கட்டும் திறந்த வரைபடமும்

கரவனெல்லையில் ஒரு காலத்தில் ரயில் நின்றது. தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புக்கு இறக்கவென்று போடப்பட்ட இரண்டரை அடி அகலக் குறும்பாதை அது. 1903இல் எட்டியாந்தோட்டை வரை போயிற்று. 1942இல், யுத்த காலத்தில், அவிசாவளையிலிருந்து பிரிந்த அந்தக் கிளையின் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டார்கள்.

இந்தத் தீவில் நில அளவை ரயிலைவிட மூத்தது. பிரித்தானியர் 1800இலேயே நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கிவிட்டார்கள். பின்னாளில் தோட்டங்களின் பெயரும் பரப்பும் படத்தில் ஏறின. தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களுக்கோ சொந்த முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அங்கிருந்து கைமாறும்.

ஆட்களின் கணக்கு மட்டும் பிசகியதே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 1901 அளவில் தகர டிக்கட் அறிமுகமானது. எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டிய ஆள் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த வில்லை அது. வந்து சேர்ந்தபின் பெயர் தோட்டத்தின் ஆட்பதிவேடான செக்ரோலில் ஏறும். கடனைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாறவும் முடியாது; அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆள் எங்கே இருக்கிறார் என்பது துரைக்குத் தெரியும். அவர் குடியிருக்கும் லயம் எங்கே என்பது வெளியுலகுக்குத் தெரியாது.

இதைத் தலைகீழாக்கும் வழியொன்று 2004இல் லண்டனில் பிறந்தது. அரசின் வரைபடத் தரவு காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்றிருந்த நாட்டில், ஸ்டீவ் கோஸ்ட் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’பைத் தொடங்கினார். யாரும் வரையலாம், யாரும் எடுத்தாளலாம். 2010 ஹெயிட்டி பூகம்பத்தின்போது தொலைவிலிருந்த தன்னார்வலர்கள் இதில் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். இலங்கையில் 2013இல் மட்டக்களப்பின் மண்முனை வடக்கு இதே முறையில் வரையப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் துணைநின்ற அந்த வேலையில் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பதிவாகின.

கரவனெல்லை இருக்கும் கேகாலை மாவட்டத்தில் இதன் தேவையை 2016 மே 17 காட்டியது. அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயம் மண்ணுக்குள் போனது. மீட்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது லயம் எங்கே, பாதை எங்கே என்பதைத்தான்.

பலர் கூடி வரைவதற்கென்றே ‘டாஸ்கிங் மேனேஜர்’ என்றொரு கருவி இருக்கிறது. அது பகுதியைச் சதுரங்களாக வெட்டிக் கொடுக்கும். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்தால் மற்றவர்களுக்கு அது பூட்டப்படும். அவர் செய்மதிப் படத்தில் கூரைகளைப் பார்த்துக் கோடிழுத்து முடிக்க, இன்னொருவர் சரிபார்ப்பார்.

அலுவலகக் கருவிகளிலும் இதே வரைபடம் நுழைந்திருக்கிறது. கோப்புகளைப் பகிர உதவும் ‘நெக்ஸ்ட்கிளவுட்’ மென்பொருளைத் தங்கள் சேவையகத்தில் நிறுவிக்கொண்டவர்கள் குறித்த இடங்கள் அங்கேயே தங்கும். பின்னணிப் படம் வெளியிலிருந்து வந்தால் மட்டும், யார் எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்ற தடயம் வெளியே போகும். திறந்த தரவு என்பதால் அதற்கும் வழியுண்டு: நாட்டின் படம் முழுவதையும் இறக்கித் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வரைகிறவரின் தடத்தை மறைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்ததும், ஜெர்மனியின் ‘ஜியோஃபாப்ரிக்’ நிறுவனம் பொதுவில் தரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்புகளிலிருந்து வரைந்தவர்களின் பயனர் பெயர்களை நீக்கியது. இலங்கையும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 9ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது.

கரவனெல்லைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றை இன்று இதில் வரைகிறவர் லயத்தின் வடிவத்தையும் பிரிவின் பெயரையும் பதியலாம். கதவிலக்கம் இருந்தால் அதையும் சேர்க்கலாம். உள்ளே குடியிருப்பவரின் பெயரை எழுதக்கூடாது என்பது அங்கே வழக்கம்.