முடிதிருத்துபவர் பேதுருவுக்கு ஒரு ஜெபப் புத்தகம்



1516ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், விற்றன்பேர்க் நகரத்து மடமொன்றில் இருந்த ஒரு துறவி தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். தனக்கு இரண்டு எழுத்தர்கள் வேண்டும், நாள் முழுவதும் கடிதம் எழுதியே போய்விடுகிறது என்று அதில் முறைப்பட்டார். மடத்தில் அவரே பிரசங்கி. சாப்பாட்டு வேளையில் வாசிப்பவரும் அவரே. ஊர்க் கோவிலிலும் பிரசங்கிக்க அவரைக் கூப்பிடுகிறார்கள். இளந்துறவிகளின் படிப்புக்கு அவர் பொறுப்பு. பதினொரு மடங்களுக்கு மேற்பார்வையாளர். பவுலின் நிருபத்தைப் பற்றி விரிவுரை செய்கிறார், சங்கீதங்களுக்குக் குறிப்பு எழுதுகிறார். இவ்வளவும் போதாதென்று லைட்ஸ்கௌ என்ற இடத்து மீன்குளத்தையும் அவர்தான் கவனிக்க வேண்டும், தோர்கௌவில் ஒரு வழக்கையும் அவர்தான் நடத்த வேண்டும். இதற்கிடையில் வேளை ஜெபங்களை ஒழுங்காகச் சொல்லி முடிக்கத் தனக்கு நேரம் கிடைப்பதே அரிது என்று அவர் எழுதினார்.

அந்தத் துறவி மார்ட்டின் லூத்தர். தொண்ணூற்றைந்து வாக்கியங்களால் உலகம் அவரை அறிந்தது அடுத்த ஆண்டில்தான். அதற்கு முன்னரே அவர் நம்மைப் போல நேரமில்லாத மனிதராக இருந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

வேளை ஜெபம் என்பது என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்நாள் துறவிகள் ஒரு நாளைப் பல பங்காகப் பிரித்து, இரவு, விடியல், காலை, நண்பகல், மாலை என்று ஒவ்வொரு வேளைக்கும் குறித்த சங்கீதங்களையும் ஜெபங்களையும் சொல்வார்கள். மணி அடித்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போக வேண்டும். விருப்பமிருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம் என்பதல்ல, அது கடமை. சொல்லாமல் விட்டால் பாவம் என்றே எண்ணப்பட்டது.

லூத்தர் என்ன செய்தார் தெரியுமா? கிழமை நாட்களில் சொல்லாமல் விட்டதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அறைக் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பாடும் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப் பார்த்தார். பிறகு அதுவும் முடியாமல் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நிலுவை ஏறியது. ஒரு தடவை இப்படி நிலுவை தீர்க்கப்போய் நித்திரையே இல்லாமல் நோயில் விழுந்தார். பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் நண்பர்களுக்கு இதை அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் பாக்கி கால் ஆண்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1520ஆம் ஆண்டளவில் அந்தக் கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டார்.

இதை வாசிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் வேலைக் கிழமை முழுவதும் ஜெபத்தை ஒதுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஜெபம் வாடகைப் பணமோ தவணைக் காசோ அல்ல. இந்தப் பாடத்தை லூத்தர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தலைச்சுற்றும் நித்திரையின்மையும்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தன.

லூத்தர் தினமும் மூன்று மணி நேரம் ஜெபித்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரம் உண்டு. 1530இல் அவர் கோபுர்க் கோட்டையில் ஏறக்குறைய அரை ஆண்டு தங்கியிருந்தபோது, கூட இருந்த உதவியாளர் வைட் டீட்ரிஹ், லூத்தர் ஒவ்வொரு நாளும் படிப்புக்கு உகந்த மூன்று மணி நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கிறார் என்று மெலாங்தனுக்கு எழுதினார். ஆனால் அந்த நேரத்தில் லூத்தர் எங்கே இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மனைவி பிள்ளைகள் பக்கத்தில் இல்லை, வகுப்பு இல்லை. அவுக்ஸ்பூர்க்கில் நடந்த பேரவைக்கு அவர் போக முடியாதபடி தடை இருந்ததால் கோட்டையில் காத்திருந்தார். அந்த மூன்று மணி நேரத்தை எடுத்து, இரவு வேலை முடித்து விடியற்காலை ரயிலில் வரும் ஒரு தாயின் முன்னால் அளவுகோலாக வைப்பது நியாயமல்ல என்பது என் எண்ணம். லூத்தரும் அப்படி வைக்கவில்லை. அதற்குச் சாட்சி 1535இல் வெளிவந்த ஒரு சிறு புத்தகம்.

விற்றன்பேர்க்கில் பேதுரு பெஸ்கென்டோர்ஃப் என்ற முடிதிருத்துபவர் இருந்தார். லூத்தருக்குச் சவரம் செய்பவர், பல ஆண்டு நண்பர். அந்நாளில் ஐரோப்பாவிலும் முடிதிருத்துபவர்கள் முடி வெட்டுவதோடு நிற்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் இரத்தம் எடுப்பதும் அவர்கள் தொழில்தான். நம் ஊர்களிலும் இதே தொழில் செய்தவர்களை மருத்துவர் என்று அழைத்த வழக்கம் உண்டு, அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஆனால் அவர்களை நம்மவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார வைத்தார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சபைக்குள்ளும் அது நுழைந்த கதையை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. இந்த முடிதிருத்துபவர் ஒருநாள், எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை, எப்படி என்று சொல்லித் தாருங்கள் என்று லூத்தரைக் கேட்டார். வேதாகமப் பேராசிரியர் உட்கார்ந்து, மாஸ்டர் பேதுருவே என்று மரியாதையாக விளித்து, ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்தார். ஒரு நல்ல நண்பனுக்கு ஜெபிப்பதற்கான எளிய வழி என்பது அதன் தலைப்பின் கருத்து.

அப்போது லூத்தர் வீட்டு நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 1534இல்தான் முழு வேதாகமமும் ஜேர்மன் மொழியில் அச்சாகி வெளிவந்தது. அந்த டிசம்பரில் கடைசிக் குழந்தை மார்கரேத்தா பிறந்தாள். வீடு நிறையப் பிள்ளைகள், விருந்தாளிகள், தங்கிப் படிக்கும் மாணவர்கள். அந்தச் சத்தத்துக்குள் இருந்துதான் அவர் இதை எழுதினார்.

முதலில் தன் நிலைமையையே சொல்கிறார். வேலைகளாலும் வேறு நினைவுகளாலும் மனம் குளிர்ந்துபோய், ஜெபிக்க விருப்பமே இல்லாமல் போகும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்கோ, ஆட்கள் கூடியிருக்கும் நேரமானால் கோவிலுக்கோ போவாராம். அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும், நேரமிருந்தால் சில சங்கீதங்களையும், சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோலத் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்வாராம். பெரிய பேராசிரியர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளையைப் போல ஒப்புவிக்கிறார்! காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபத்தை வை என்கிறார். கொஞ்சம் பொறு, இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன் என்று மனம் சொல்லும், அதை நம்பாதே என்று எச்சரிக்கிறார். ஒரு வேலை இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு வரும், அன்றைய ஜெபம் அப்படியே போய்விடும்.

அதற்காக வேலையை அவர் இழிவாகப் பேசவில்லை. ஜெபத்தைப் போலவே நல்ல, சிலவேளை அதைவிட அவசரமான வேலைகளும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். உண்மையாய் உழைக்கிறவனின் உழைப்பும் ஒரு ஜெபம்தான் என்ற பழைய எண்ணத்தையும் ஏற்கிறார். ஆனால் அதையே சாட்டாக வைத்து ஜெபிக்கும் பழக்கத்தைக் கைவிட்டுவிடக்கூடாது என்பதில் உறுதியாக நிற்கிறார். தராசை நேராகப் பிடிக்கத் தெரிந்த மனிதர்.

பிறகுதான் முடிதிருத்துபவருக்கே உரிய உவமை வருகிறது. சவரக்கத்தியைப் பிடித்திருப்பவன் கண்ணையும் நினைவையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருக்க வேண்டும். வாயடித்துக்கொண்டோ வேடிக்கை பார்த்துக்கொண்டோ இருந்தால் வாடிக்கையாளரின் வாயையோ மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவான். கத்திக்கே முழு மனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். அவர் சொல்லும் இன்னொரு உதாரணம் ஒரு குருவானவரைப் பற்றியது. அவர் ஜெபத்தில் ஒரு வசனம் சொல்வார், உடனே வேலைக்காரனைப் பார்த்துக் குதிரையை அவிழ்த்துவிட்டாயா என்பார். அடுத்த வசனம், உடனே வேலைக்காரியிடம் பால் கறக்கச் சொல்வார். நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் குதிரைக்குப் பதில் அடுப்பில் இருக்கும் சோறும் மேசையில் நடுங்கும் கைத்தொலைபேசியும் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேதுருவுக்கு அவர் கொடுத்த முறை நான்கு இழைகளால் பின்னிய ஒரு மாலை போன்றது. கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். களவைப் பற்றிய கட்டளையை வைத்துப் பார்ப்போம். (லூத்தரன் ஞானோபதேசத்தில் இது ஏழாவது, நம்மில் பலர் படித்த முறையில் எட்டாவது. இதற்காகச் சண்டை வேண்டாம்.) முதலில், இது எனக்கு என்ன கற்பிக்கிறது என்று கேட்பது: பிறருடையதை எடுக்காதே, அவர்கள் பொருளைக் காக்க உதவு. இரண்டாவது, அதற்காக நன்றி சொல்வது: என் உடைமையையும் இந்தக் கட்டளை வேலிபோலக் காக்கிறதே. மூன்றாவது, அறிக்கை: நான் யாரிடம் எதை அநியாயமாய் எடுத்தேன், வேலை நேரத்தைத் திருடினேனா? நான்காவது, விண்ணப்பம். பிள்ளைகளே, பாடசாலைக்குப் போகும் பேருந்தில் இதைச் செய்ய இரண்டு நிறுத்தங்கள் போதும். எல்லாக் கட்டளைகளையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஒன்றோ பாதியோ போதும், மனம் களைத்துவிடும் என்று லூத்தரே சொல்கிறார். சொற்களையும் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம், தானும் நாளுக்கு நாள் மாற்றித்தான் சொல்வதாக எழுதுகிறார். நெருப்பு மூட்டும் கல் மாதிரி இது. இடையில் நல்ல சிந்தனை ஒன்று பற்றிக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அமைதியாக அதைக் கேள், அது பரிசுத்த ஆவியானவரின் பிரசங்கம் என்கிறார்.

இந்தக் கதையை இங்கே நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது வேறு. அதே 1535ஆம் ஆண்டு, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, பேதுரு தன் மகள் வீட்டு விருந்தில் இருந்தார். மது ஓடியது. போர்ச்சேவகனான மருமகன், தன் உடலை எந்த ஆயுதமும் துளைக்காது என்று பெருமை பேசினான். பேதுரு கத்தியை எடுத்துக் குத்திப் பார்த்தார். மருமகன் இறந்துபோனான். லூத்தரும் மற்ற நண்பர்களும் பேதுருவுக்காகப் பரிந்து பேசினார்கள். மரணதண்டனை கிடைக்கவில்லை, ஆனால் வீடு வாசலை இழந்து நாடு கடத்தப்பட்டு, மீதி வாழ்நாளைத் தெசௌ நகரத்தில் கழித்தார். அவர் பெயருக்கு எழுதிய புத்தகமோ அதே ஆண்டில் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது.

கத்தியிலிருந்து கண்ணை எடுக்காதே என்ற வரிகள் அவருக்காகவே எழுதப்பட்டவை. எழுதி அதிக நாள் ஆகவில்லை. இதை வைத்து ஜெபம் பயனில்லை என்று சொல்பவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புத்தகத்தின் மூன்றாவது இழை, அதாவது அறிக்கை, தெசௌவில் இருந்த அந்த முதியவருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நண்பனும் அவரைக் கைவிடவில்லை.

விற்றன்பேர்க்கிலிருந்து அதிக தூரமில்லாத ஹல்லே நகரத்தின் பக்தி இயக்கம் இந்தப் பழக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் ஆக்கினார். தன் நாள் எப்படிப் போகிறது என்று அவர் ஜேர்மனிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் ஆறு மணியிலிருந்து ஏழு வரை தமிழில் ஞானோபதேசம் விளக்குவார். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தமிழ்ப் புலவரையும் ஓர் எழுத்தரையும் வைத்துக்கொண்டு தமிழ் நூல்கள் படிப்பார். சாப்பிடும்போதும் யாராவது தமிழில் வாசிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வரை வெயிலுக்காக ஓய்வு. இவ்வளவு நெருக்கமான நாளிலும் ஜெபத்தின் இடம் நகரவில்லை, மற்றவை அதைச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன.

அந்த ஞானோபதேசத்தின் பின்பகுதியில் வீட்டுத் தலைவர்களுக்காக லூத்தர் 1529இல் எழுதிய காலை ஜெபமும் மாலை ஜெபமும் உண்டு. இந்த நத்தார் மாதத்தில் கரோல் ஒத்திகை, மலர் வேலை, இரட்டை முறை வேலை என்று ஓடும் நமக்கு அவை மிகவும் சிறியவை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு இருக்கிறது. காலை ஜெபம் முடிந்தால் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்பது ஒன்று. இரவு ஜெபத்தின் கீழ் உள்ளதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் கவனிக்க வேண்டும்: சொல்லி முடித்தவுடன், தாமதிக்காமல், சந்தோஷமாக நித்திரைக்குப் போ. தொலைபேசியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு என்று அதில் இல்லை.