பேராக் மண்ணின் பெண்மணிகள்

திருவிழா மலர்களில் காரைக்கால் அம்மையாரையும் மங்கையர்க்கரசியாரையும் போற்றி எழுதுவது நம் மரபு. அம்மரபைப் பின்பற்றியே, இவ்வாண்டு நம் பேராக் மண்ணில் வாழ்ந்த பெண்மணிகளைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

ஈப்போவில் சிபில் கார்த்திகேசு பெயரில் ஒரு சாலை உண்டு. அவ்வழியே செல்வோருள் அவர் வரலாற்றை அறிந்தவர் எத்தனை பேர்? 1899-இல் மேடானில் பிறந்தவர், பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி, சமயத்தால் கத்தோலிக்கர், தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவின் துணைவியார். ஜப்பானியர் படையெடுத்தபோது ஈப்போவை விட்டுப் பாப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். காண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசிய அவர், அவ்வூர் ஏழைகளுக்கும், காட்டிலிருந்து மறைவாக வந்த போராளிகளுக்கும் மருத்துவம் செய்தார். ஒளித்து வைத்த வானொலியில் போர்ச் செய்திகளைக் கேட்டார். 1943-இல் பிடிபட்டார். சித்திரவதையில் நடக்கும் வலிமையை இழந்தார். சிறுமியான மகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு அச்சுறுத்தியபோதும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948-இல் பிரிட்டனில் காலமானார். பின்னர் ஈப்போ மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்காவது பெயர் நிலைத்தது. அதே ஆண்டுகளில் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. சென்றவருள் பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. லயங்களில் எஞ்சிய பெண்களே மரவள்ளி நட்டுக் குழந்தைகளைக் காத்தனர். சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டியும் அவர்களுள் ஒருவர்.

போருக்குப் பின்னரும் விடியுமுன் பெரட்டுக்குச் செல்வார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டுவார். அத்தோட்டத்து மாரியம்மன் கோயில் திருப்பணிக்குப் பெண்கள் ஆற்றுமணல் சுமந்ததைப் பலமுறை கூறியிருக்கிறார். திருப்பணிப் பலகையில் இருந்தவை யாவும் ஆண்களின் பெயர்களே. (எழுதியவரைக் குறைகூறவில்லை, அக்கால வழக்கம் அது.) இன்று அத்தோட்டமும் இல்லை, பலகையும் இல்லை.

மெய்யன்பர்களே! அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கும் மூதாட்டியரிடம், அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் அவர்தம் தாயாரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் பாட்டியிடம் அவர் தாயாரின் பெயரைக் கேட்க நான் தவறிவிட்டேன். வீட்டில் இன்று அதை அறிந்தவர் எவருமில்லை.