நீரும் சிறுநீரகமும் எலும்பும்



கோயமுத்தூரை விட்டு மேற்கே செல்லும் புகைவண்டி வாளையாற்றைக் கடந்ததும், மலைத்தொடர் இருமருங்கும் விலகி வழிவிடும். அப்பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி முதலிய ஊர்கள் உள்ளன. 1956 முதல் கேரள மாநிலத்தைச் சார்ந்தவையாயினும், அங்கே வீட்டிலும் சந்தையிலும் பெரிதும் வழங்குவது தமிழே. கேரளமென்றாலே மழையென எண்ணும் வடபுலத்து நண்பர்கட்கு இவ்வூர்களின் வறட்சி வியப்பளிக்கும். ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருந்த குடும்பங்கள் பல. அக்கிணறுகள் சிலவற்றின் நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்து காணப்பட்டது.

இவ்வுப்பு மிகுந்தால் மனிதர் எலும்பு என்னாகும் என்பதை இந்தியாவில் முதன்முதலாக விரித்துரைத்தோர் நம் பழைய சென்னை மாகாணத்து மருத்துவர்களே. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் முதுகு நிமிராமலும், கழுத்துத் திரும்பாமலும், முப்பது நாற்பது வயதிலேயே முதியோராய்ப் போனவர்களைக் கண்டு ஆராய்ந்து, ஷார்ட் என்பாரும் அவர்தம் துணைவர் மூவரும் 1937இல் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் 1940இல் பண்டிட் குழுவினர் அவ்வாய்வைத் தொடர்ந்தனர். உணவு குறைந்த எளியோரிடையே நோய் கடுமையாயிருந்ததை அவர்கள் நோக்கினர். வாதமென்று எண்ணெய் தடவி வந்த மக்களுக்குக் கிணற்று நீரே பகையென யார் சொல்லியிருப்பார்?

உடலிற் சேரும் இவ்வுப்பை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தினுடையது. அது தளர்ந்தாலோ, உப்பு எலும்பிலேயே தங்கும். ஆயினும், சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவு இவ்வளவோடு முடிவதன்று. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட் 1827இல் சிறுநீரக நோயை விளக்கினார். அதே மருத்துவமனையின் லூக்காஸ், சிறுநீரில் புரதம் கழியும் இளைஞர்க்குக் கால் வளைவதை 1883இல் எழுதினார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. 1940களில் பீகிங் நகரத்து லியு, சூ என்னும் மருத்துவர் இருவர் இந்நோய்க்குத் தனிப்பெயரே இட்டனர். (அப்பெயரைத் தமிழாக்க முயன்று நாம் ஒரு மாலைப்பொழுதை இழந்ததுண்டு. 'சிறுநீரக எலும்புச் சிதைவு' என்பதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. நம் பாட்டிமார் சிறுநீரகத்தைக் 'குண்டிக்காய்' என்றே சொல்லி வந்தனர். அச்சொல்லை ஏன் கைவிட்டோமோ!)

மருமம் 1970இல் வெளிப்பட்டது. வெயிலாலும் உணவாலும் நாம் பெறும் வைட்டமின் டி, சிறுநீரகத்திலேயே தன் இறுதி வடிவத்தை எய்துகிறது என்று கேம்பிரிட்ஜில் பிரேசரும் கோடிச்செக்கும் கண்டனர். சிறுநீரகம் கெட்டால் அவ்வடிவம் குறையும். குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்காது. பாஸ்பேட்டு இரத்தத்தில் தேங்கும். கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் இக்குறையை ஈடுசெய்ய முனைந்து எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். வீட்டுச் செலவுக்குச் சுவர்க்கல்லைப் பெயர்த்து விற்பது போன்றதோர் ஏற்பாடு.

தசையின் கதியும் அதுவே. வெளியேறாத அமிலம் தசைப் புரதத்தைக் கரைக்கிறது, பசியும் மந்தமாகிறது, அச்சத்தால் பருப்பையும் முட்டையையும் அறவே ஒதுக்குவோர் இன்னும் மெலிகின்றனர். உடல் வீங்கியிருப்பதால் எடைக்கருவி இம்மெலிவைக் காட்டுவதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமையே அதை முதலிற் காட்டும்.

இரத்தச் சுத்திகரிப்பு உயிரைக் காத்தது. ஆனால் அதிலும் நீர் தன் வேலையைக் காட்டியது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1970களில் சுத்திகரிப்புப் பெற்றோர் பலரின் எலும்புகள் முறிந்தன. குழாய் நீரிலிருந்த அலுமினியமே காரணமெனத் தெளிந்தபின், அந்நீரைத் தூய்மை செய்து பயன்படுத்தலாயினர்.

நம் நாட்டில் 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றது. எனினும் தமிழர் இல்லந்தோறும் அச்சொல் புகுந்தது 1984இல்தான். பாலக்காட்டு வடவன்னூரைப் பூர்விகமாகக் கொண்ட எம்.ஜி.ஆர். அவர்கள் நியூயார்க்கின் புரூக்ளினில் அச்சிகிச்சை பெற்றார். சிறுநீரகம் ஈந்தவர் அவர்தம் அண்ணன் மகள். அவர் நோய்க்கும் மேற்சொன்ன கிணறுகட்கும் தொடர்பில்லை. ஊர்ப்பெயர் ஒன்றுபட்டமையால் சொன்னோம்.

இடுக்கி மலைப்புறத்தில் இடர் வேறு. தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தோர், சிகிச்சைக்காக மலை வளைவுகளில் இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ செல்வதுண்டு. இரத்தச் சுத்திகரிப்பு வாரம் இரண்டு மூன்று முறை வேண்டுவது. எலும்பு நோவும் தசைத் தளர்வும் உள்ளவர்க்கு அவ்வழி எத்துணை நீளமென்று மலைவழியறிந்தார் அறிவர்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் 'அம்மாவுக்கு மூட்டுவாதம்' என்னும் வரியைக் காணும்போதெல்லாம், குடிப்பது எந்தக் கிணற்று நீர், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு என்ன என்று இரண்டையும் சேர்த்தே கேட்டெழுதுவது இப்போது நம் வழக்கமாகிவிட்டது.