பத்து ரூபாய்ப் பங்கு: அகமதாபாத் தெருவோரப் பெண்கள் தொடங்கிய வங்கி

சிறைக் கைதிகளைப் படம் எடுக்கும்போது கையில் ஒரு பலகையைக் கொடுத்து எண்ணோடு நிற்க வைப்பார்கள் இல்லையா? 1970களின் நடுவில் அகமதாபாத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரி பெண்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கையில் ஒரு சிலேட்டு, அதில் ஒரு எண். ஆனால் அது கைதி எண் இல்லை, வங்கிக் கணக்கு எண். அந்தப் படம்தான் அவர்களுடைய பாஸ்புக்கில் ஒட்டப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதா, சரி, முகம் இருக்கிறதே. எண்ணும் முகமும் பொருந்தினால் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு எல்லா பாஸ்புக்கிலும் புகைப்படம் இருக்கிறது, அதனால் இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை, 'பெண்களின் சிறுதொழிலுக்கு ஆதரவு' என்று நாம் பேசும் பல விஷயங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் யார் இந்தப் பெண்கள்? 'பெண் தொழில்முனைவோர்' என்று இப்போது சொன்னால் ஒரு ஓட்டல் அரங்கம், குத்துவிளக்கு, நினைவுப் பரிசு எல்லாம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. இவர்கள் அப்படி இல்லை. மாணெக் சவுக் சந்தையில் தரையில் காய்கறி பரப்பி விற்றவர்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்கள் (நம்ம ஊர்த் தெருவிலும் இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்). மில்லில் மிஞ்சிய துண்டுத் துணிகளை வாங்கி மெத்தை உறை தைத்தவர்கள். பீடி சுற்றியவர்கள், தள்ளுவண்டி இழுத்தவர்கள், ஜவுளிச் சந்தையில் தலையில் மூட்டை சுமந்தவர்கள். இதில் பலருக்கு முதல், லாபம், நஷ்டம், கொள்முதல் எல்லாமே உண்டு. இல்லாதது ஒன்றுதான்: இதைத் 'தொழில்' என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வழக்கறிஞரான இளா பட், அங்கே ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவில் வேலை பார்த்தவர். அது 1918 மில் வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக அனசூயா சாராபாய், காந்தி இருவரின் கையில் உருவான சங்கம். 1971இல் மூட்டை சுமக்கும் பெண்களின் கூலிப் பிரச்சினையில் தொடங்கி, வேறு வேறு வேலை செய்யும் பெண்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'சேவா' என்று அழைக்கப்படும் சுயதொழில் பெண்கள் சங்கம். அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை ஒரு கேள்வி கேட்டது: உங்களுக்கு முதலாளி யார்? முதலாளியே இல்லாத சங்கம் யாரை எதிர்த்துப் போராடும்?

கேட்டால் நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் இல்லை, தங்களுக்குள் ஒன்று சேர்வதற்காகவும்தான் என்று வாதாடி 1972இல் பதிவு வாங்கினார்கள். ஆனால் அந்தக் கேள்வி அத்தோடு போகவில்லை. சட்டத்தின் கண்ணில் இவர்கள் கூலித் தொழிலாளியும் இல்லை, வியாபாரியும் இல்லை. வங்கியிலும் இதே கதை வேறு உருவத்தில் வந்தது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். காய்கறி விற்கும் பெண் விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போகும்போது வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குகிறார். சாயங்காலம் 55 ஆகத் திருப்பிக் கொடுக்கிறார். அஞ்சு ரூபாய்தானே? வருஷத்தில் 300 நாள் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 1,500 ரூபாய். 50 ரூபாய் முதலுக்கு முப்பது மடங்கு! அதே 50 ரூபாயை 4 சதவீத வட்டிக்கு வங்கி கொடுத்திருந்தால் வருஷ வட்டி இரண்டே ரூபாய். இந்த 4 சதவீதம் நான் கற்பனையாகச் சொல்வது இல்லை. 1969இல் வங்கிகள் தேசியமயமானதும், 1972இல் ஏழைகளுக்காகவே 4 சதவீத வட்டிக் கடன் திட்டம் வந்துவிட்டது. தள்ளுவண்டிக்கும் இதே கணக்குதான். தினம் வாடகை கொடுத்து ஓட்டும் வண்டிக்கு, சில வருஷத்தில் புது வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு போய்விடும், வண்டி மட்டும் கடைசிவரை சொந்தமாகாது.

நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு இருக்கும் பெயர்களே ஒரு அகராதி: கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல். தமிழ்நாடு அரசு 2003இல் அதீத வட்டியைத் தடை செய்து சட்டம் போட்டபோது இந்தப் பேச்சுவழக்குச் சொற்களில் பலவற்றைச் சட்டத்துக்குள்ளேயே வைத்து வரையறுக்க வேண்டி வந்தது. தெரு கண்டுபிடித்த சொல்லுக்குச் சட்டசபை பொருள் எழுதியிருக்கிறது.

அப்போ வங்கிக்கே போயிருக்கலாமே? போனார்கள். சேவா சங்கமே நடுவில் நின்று தேசியமய வங்கிகளிலிருந்து கடன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தது. அங்கேதான் சிக்கல். வங்கி திறந்திருக்கும் நேரம்தான் இவர்களுக்கு வியாபாரம் நடக்கும் நேரம். கைக்குழந்தையோடு, அழுக்குச் சேலையோடு, சில்லறைக் காசோடு வருபவரை எப்படி நடத்துவது என்று ஊழியர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை. ஒரு தாளில் அப்பா பெயரோடு, இன்னொரு தாளில் கணவர் பெயரோடு என்று ஒரே பெண் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடுவார். வியாபாரம் முடித்துத் தவணை கட்ட வந்தால் வங்கி மூடியிருக்கும். கட்ட வேண்டியது நிலுவையில் நிற்கும். அப்புறம் 'இவங்க ஒழுங்கா கட்ட மாட்டாங்க' என்ற பேச்சு.

இதில் எனக்கு ஒன்று புரிகிறது. வட்டிக்காரர் கொடுமைக்காரர்தான், சந்தேகம் இல்லை. ஆனால் அவர் விடியற்காலை நாலு மணிக்குச் சந்தையில் இருந்தார். கையெழுத்துக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகமும் வியாபாரமும் அவருக்குத் தெரியும். வங்கியின் வட்டி குறைவு, ஆனால் வங்கி அந்தச் சந்தையில் இல்லை.

1973 டிசம்பரில் நடந்த கூட்டத்தில், நமக்கென்று சொந்தமாக ஒரு வங்கி வைத்தால் என்ன என்ற யோசனை பெண்களிடமிருந்தே வந்தது. காசுக்கு எங்கே போவது? ஆளுக்குப் பத்து ரூபாய். 4,000 பெண்கள் சேர்ந்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 40,000 ரூபாய். கூட்டுறவுத் துறையில் அடுத்த முட்டுக்கட்டை: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள் என்று சேவாவின் வரலாற்றில் சொல்வார்கள். மறுநாள் போய்ப் போட்டார்கள். 1974 மே மாதம் 'ஸ்ரீ மகிளா சேவா சகக்காரி பேங்க்' பதிவானது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த வங்கி முதலில் கடன் கொடுக்கத் தொடங்கவில்லை. முதலில் சேமிப்பு. தன் சொந்தப் பணத்திலிருந்து கடன் கொடுக்க ஆரம்பித்தது 1976இல்தான். இந்த வரிசை முக்கியம். வீட்டில் வைத்த காசு கணவர் கையில் போகும், மகன் கையில் போகும், அவசரத்துக்கு வரும் உறவுக்காரர் கையில் போகும். அஞ்சறைப் பெட்டியில் காசு ஒளித்து வைக்கும் பழக்கம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் வியாபாரம் வளர வேண்டும் என்றால் இன்றைய லாபம் நாளைய முதலாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஒரு ராத்திரியில் காசு பத்திரமாக இருக்க ஒரு இடம் வேண்டும், அவர் பெயரில். கடன் அதற்கு அப்புறம்தான்.

பிறகு நடந்ததும் அந்தப் போக்கிலேயே நடந்தது. ஊழியர்கள் தெருவுக்கே போய்ச் சேமிப்பை வசூலித்தார்கள். அடகில் கிடந்த நகையை மீட்கக் கடன். வாடகை வண்டிக்குப் பதில் சொந்த வண்டி வாங்கக் கடன். வீட்டைச் சரிசெய்யக் கடன். இந்தக் கடைசி வகையை 'தொழில் கடன் இல்லையே' என்று பல வங்கிகள் ஒதுக்கிவிடும். பீடி சுற்றுபவருக்கும் உறை தைப்பவருக்கும் வீடுதானே பட்டறை? கூரை ஒழுகினால் துணி நனையும், வேலை நிற்கும்.

பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 42 பேருக்கு 27 டாலர் கொடுத்த கதையை உலகமே அறியும். அது 1976. கிராமீன் வங்கியாக ஆனது 1983இல். சேவா வங்கி அதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டது என்பது ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யார் முந்தி என்ற போட்டிக்காகச் சொல்லவில்லை. கிராமீன் ஒரு பேராசிரியர் தொடங்கியது, சேவா வங்கி வாடிக்கையாளர்களே பங்கு போட்டுத் தொடங்கியது. இரண்டும் வேறு வேறு ரகம். 1975இல் மெக்சிகோவில் நடந்த ஐ.நா.வின் முதல் பெண்கள் மாநாட்டில் இளா பட், கானா நாட்டின் எஸ்தர் ஓக்லூவைச் சந்தித்தார். அத்தை கொடுத்த சில ஷில்லிங்கில் ஆரஞ்சு வாங்கி மார்மலேட் காய்ச்சி விற்று, பிற்பாடு தொழிற்சாலையே வைத்தவர் ஓக்லூ. அங்கே தொடங்கிய பேச்சுதான் 1979இல் 'விமன்ஸ் வேர்ல்ட் பேங்கிங்' என்ற அமைப்பாக ஆனது.

சென்னையிலும் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்கள் உண்டு. காங்கிரஸ் கட்சியில் இருந்த ஜெயா அருணாசலம், சேரிப் பகுதிகளில் நிவாரண வேலைகளில் ஈடுபட்டபோது அங்கே இருந்த பெண்கள் கேட்டது அரிசியும் துணியும் இல்லை, வியாபாரத்துக்கு முதல். 1978இல் உழைக்கும் மகளிர் அமைப்பு உருவானது. ஒரே தெருவைச் சேர்ந்த பத்திலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு, அவர்களிலேயே ஒருவர் தலைவி, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன். நூறு, இருநூறு ரூபாய்க் கடன், அந்த 4 சதவீதத் திட்டத்தில், தேசியமய வங்கிகள் வழியாக. இட்லி சுட்டவர்கள், பூக் கட்டியவர்கள், கூடையில் காய் விற்றவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வங்கிகளோடு இழுபறி இங்கேயும் தொடர, 1981இல் தங்களுக்கென்று தனிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். அகமதாபாத் ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த அதே இடம்.

இப்போது ஒரு ஒப்பீடு. 2013 நவம்பரில் மத்திய அரசு 'பாரதிய மகிளா பேங்க்' தொடங்கியது. முதல் 1,000 கோடி ரூபாய். 2017 ஏப்ரல் 1ஆம் தேதி அது ஸ்டேட் பேங்கோடு இணைக்கப்பட்டு மறைந்தது. நாலு வருஷம்கூட ஆகவில்லை. நாற்பதாயிரம் ரூபாயில் தொடங்கியது இன்னும் நடக்கிறது. சேவா வங்கி ஒரு நகரத்தைச் சுற்றிய சின்ன வங்கி, அதை நாடு முழுக்க நகல் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் மகிளா பேங்க்குக்குப் பெயரில் மட்டும்தான் பெண்கள் சொந்தக்காரர்கள். அது மூடப்பட்டபோது 'எங்க வங்கியை எப்படி எடுப்பீங்க' என்று கேட்க எந்தச் சந்தையிலிருந்தும் ஒருத்தியும் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.

சிறுகடன் பற்றிய அறிக்கைகளில் எல்லாம் ஒரு எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள்: 95க்கு மேல் திருப்பிக் கட்டினார்கள், 98 கட்டினார்கள். நல்லதுதான். ஆனால் அது கடன் கொடுத்தவரின் வெற்றிக் கணக்கு. வாங்கியவரின் கூடை கடையானதா, வாடகை வண்டி சொந்த வண்டியானதா என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு பெண் இருபது வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டிவிட்டு அதே நடைபாதையில் அதே கூடையோடு உட்கார்ந்திருக்க முடியும்.

அந்த நடைபாதை இருக்கிறதே, அதுதான் மிச்சப் பிரச்சினை. மாணெக் சவுக் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே விற்றவர்கள். ஆனாலும் போலீஸ் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள். அபராதம், மாமூல், கூடையைத் தூக்கிப் போவது. கடன் வாங்கிக் கொள்முதல் செய்த சரக்கை ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனால் எந்த வங்கி என்ன செய்ய முடியும்? சேவா 1980களில் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அப்புறம் முப்பது வருஷ இழுபறிக்குப் பிறகு 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

2020இல் கொரோனாவுக்குப் பிறகு தெருவோர வியாபாரிகளுக்காக வந்த 'பி.எம். ஸ்வநிதி' திட்டத்தில் 2025 வரை முதல் கடன் 10,000 ரூபாயாகவும், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000 ஆகவும் இருந்தது. படிப்படியாக வளர வழி வைத்த திட்டம், அதுவரை சரி. விண்ணப்பிக்க விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ வேண்டும். அது இல்லாதவர்கள், தாங்கள் உண்மையிலேயே தெருவில் வியாபாரம் செய்பவர்கள்தான் என்று உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டும். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும்.